முதலாளி ஊரில் இல்லை

“முழங்கால் ஆபரேஷன்னு போன மாசமே சொன்னீங்களே?” என்றார் அச்சு மை விற்பவர்.

“அது இடது கால் சார். இது வலது.”

மை விற்பவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மனிதனுக்கு இரண்டு கால்கள் இருப்பதை மறுக்க வழியில்லை. பில்லை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பாத்து நடக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதே நேரத்தில், நேர் மேலே மாடியறையில், முதலாளி அந்த இரண்டு கால்களையும் மடக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

கீழே, பதில் சொல்லி அனுப்பிய முன்மேசை தன் இழுப்பறையைத் திறந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். அச்சகத்தின் முன்பக்க மேசையில் உட்கார்ந்திருப்பதால் அவரை எல்லோரும் முன்மேசை என்றே கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்காத நிலை வந்திருந்தது. நோட்டில் தேதி, வந்தவர், சொன்னது என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் ‘வலது கால்’ என்று எழுதிக் கோடு போட்டார்.

பொய் சொல்வது பெரிய வித்தை இல்லை. எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் வேலை. ஒருமுறை முதலாளியின் மாமியார் இறந்துவிட்டார் என்று அட்டை வியாபாரியிடமும், மாமியாரை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார் என்று அந்த வியாபாரியின் தம்பியிடமும் சொல்லி வசமாக மாட்டிக்கொண்டார். அன்றைக்கே கடைக்குப் போய் நோட்டு வாங்கிவிட்டார்.

அவர் சேர்ந்தபோது இதுவா வேலை? மருந்துப் பெட்டி, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு என்று ஆர்டர் எடுப்பதற்குத்தான் வைத்தார்கள். ஆர்டர் கொண்டுவருபவர்கள் குறைந்து பில் கொண்டுவருபவர்கள் கூடக் கூட, வேலை தானாக மாறிவிட்டது. முதலாளி ஒன்றும் ஏழை இல்லை. வந்த பணத்தையெல்லாம் மச்சினன் பேரில் நிலமாக வாங்கிப் போட்டுவிட்டுக் கையை விரிப்பார். கொடுக்க மனசு வராத ஜாதி.

இதில் ஒரே ஒரு சங்கடம். நோட்டில் எழுதப்படாத கடன்காரர் ஒருவர் இருந்தார். அது முன்மேசையேதான். அவருக்கு நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை.

சம்பளம் வராததால் வாடகையும் நாலு மாதம் நின்றுவிட்டது. அன்று மாலை வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது, தட்டும் விதத்திலிருந்தே வீட்டு சொந்தக்காரர் என்று அவருக்குப் புரிந்தது.

“ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு” என்று மனைவியின் காதில் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மனைவி கதவைத் திறந்தாள்.

“இல்லையாம்மா அவரு?”

“குளியலறைல இருக்காருங்க. ஊருக்குப் போயிருக்கறதா சொல்லச் சொன்னாரு.”

வீட்டு சொந்தக்காரர் குளியலறைக் கதவைப் பார்த்தார். “ஊர்லேருந்து எப்ப வருவாரு?”

“நீங்க போனதும் வந்துடுவாரு.”

உள்ளே முன்மேசை ஈரச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

“உன்னை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா” என்றார் வீட்டு சொந்தக்காரர். “இந்தக் கட்டடத்துல இருக்கற ஆறு வீட்டுல பொய் சொல்லாத ஒரே ஆள் நீதான். ஆனா எனக்கும் செலவு இருக்கு. வர்ற ஒண்ணாம் தேதி சாயங்காலம் வருவேன். நாலு மாச வாடகை, இல்லாட்டி சாவி. ரெண்டுல ஒண்ணு என் கைல இருக்கணும்.”

அவர் போனதும் முன்மேசை வெளியே வந்தார். “ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிடும்?”

“எனக்கு வராதுங்க. வராததைச் சொல்லச் சொன்னா நான் என்ன பண்றது? நீங்க நாள் முழுக்க ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் பேசறீங்களே, உங்க முதலாளிகிட்ட அஞ்சு நிமிஷம் பேசக் கூடாதா?”

கேள்வி நியாயமானது. மறுநாள் காலையில் முன்மேசை மாடி ஏறினார்.

“வாப்பா, உக்காரு” என்றார் முதலாளி. “நேத்து மைக்காரன்கிட்ட வலது கால்னு சொன்னியாமே. நல்லா இருந்துச்சு.”

“சார், என் சம்பளம்...”

“அதை ஏன் கேக்கற. செக் ரெடியா எழுதி வெச்சாச்சு. பேங்க்ல என் கையெழுத்து ஒத்துப் போகலைன்னுட்டான். வயசாக ஆகக் கை நடுங்குதில்ல? புதுசா கையெழுத்து மாதிரி கேட்டிருக்கான். தலைமை ஆபீஸுக்குப் போய் வர மூணு வாரம்.”

முன்மேசைக்கு இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கீழே வந்து நோட்டைப் புரட்டினார். போன மாதம் பதினேழாம் தேதி, மின்சார வேலைக்காரரிடம் முன்மேசையே சொன்னது. கை நடுக்கம், தலைமை ஆபீஸ், மூன்று வாரம், ஒரு வார்த்தை மாறவில்லை. தான் பெற்ற பிள்ளையே தன்னை அடித்த மாதிரி இருந்தது அவருக்கு. இதில் இன்னொரு வேதனை, முதலாளி சொல்லும்போது கையை லேசாக நடுங்கவிட்டுக் காட்டினார். அது தனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று கூட ஒரு கணம் நினைத்தார்.

சொல்லிப் பார்த்தாயிற்று, இனி வேறு வழி பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். கடன்காரர்களில் ஒரே ஒருவரை மேலே அனுப்பிவிட்டால் என்ன? முதலாளியின் கழுத்தில் ஒரு துண்டு விழுந்தால்தான் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து நிம்மதியாக இருக்கலாம் என்ற புத்தி வரும். அதற்கு ஏற்ற ஆள் காகிதக் கடைக்காரர்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணிக்கு வருவார். சத்தம் போட மாட்டார். துவைத்து மடித்த கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, “இருக்காரா?” என்பார். இல்லை என்றால், “சரி, வரேன்” என்று போய்விடுவார். மரியாதையான மனிதர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் “இருக்காரா?” என்றதும், முன்மேசை குரலைத் தாழ்த்தி, “மேலே இருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றார்.

காகிதக் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாடி ஏறினார். இருபது நிமிடத்தில் இறங்கி வந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. முன்மேசையின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே போனார்.

பின்னாலேயே முதலாளி இறங்கி வந்தார். அச்சு மெஷின் ஓட்டுபவர், பைண்டிங் செய்பவர் இரண்டு பேர், எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“நேத்து ஒரு பார்ட்டி ரொக்கமா குடுத்தான். உங்களுக்கு ஆளுக்கு ஒரு மாசச் சம்பளம் போடலாம்னு கவர்ல பிரிச்சு எழுதி வெச்சிருந்தேன். இப்ப காகிதக் கடைக்காரன் மேலே வந்து எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிட்டான். அவனை யார் மேலே விட்டதுன்னு நான் கேக்கல. கீழே யார் உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

அது உண்மையா பொய்யா என்று முன்மேசையாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் மெஷின்காரர் நம்பிவிட்டார்.

“ஏம்ப்பா, பதினோரு வருஷமா ஒரு ஈயை மேலே விடாத ஆளு, எங்க கவர் தயாரா இருக்கற அன்னிக்குப் பாத்தா விடுவே?”

அன்று முதல் மெஷின் பக்கத்திலிருந்து அவருக்கு டீ வருவது நின்றுபோனது.

மூன்றாவது வழியை மனைவிதான் சொன்னாள். “கவர்மெண்ட்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? போய் எழுதிக் குடுங்க.”

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா, அம்மாவுக்கு முன்னால் ஒரு குவியல். முன்மேசை எழுதிக் கொடுத்த மனுவை அந்த அம்மா குவியலின் மேல் வைத்தார். “ஆய்வாளர் நேர்லயே வருவாரு. எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது. வரும்போது நீங்க அங்க இருந்தா போதும்.”

“நான் எங்கம்மா போகப் போறேன்? நாள் முழுக்க அங்கதான் உக்காந்திருப்பேன்.”

ஒன்பது நாள் கழித்து, ஒரு மதிய வேளையில் ஆய்வாளர் வந்தார். யூனிஃபார்ம் கிடையாது, அதிகார மிடுக்கும் கிடையாது. கக்கத்தில் ஒரு ஃபைல், கையில் பேனா. பார்ப்பதற்கு அட்டை வியாபாரி மாதிரியே இருந்தார்.

“முதலாளி இருக்காரா?”

“வெளியூர் போயிருக்காரு சார். வர ஒரு வாரம் ஆகும்” என்றார் முன்மேசை.

அவர் சொல்லவில்லை. வாய் சொன்னது. பதினோரு வருடம் பழகின வாய், மூளையைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

“சரி. தொழிலாளர் ஆய்வாளர் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க.”

முன்மேசையின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை சார், மேலேதான் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மாடிப்படியில் ஒரு சத்தம் கேட்டது. முதலாளி நடுப்படியில் நின்று, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளருக்குத் தெரியவில்லை. முன்மேசைக்கு முழுதாகத் தெரிந்தது.

“சம்பளம் வரலைன்னு இங்க வேலை பாக்கறவர் ஒருத்தர் புகார் குடுத்திருக்காரு. அவரையாவது பாக்கலாமா?”

இதற்கும் வாய்தான் பதில் சொன்னது. “அப்படி இங்க யாரும் இல்லையே சார்.”

ஆய்வாளர் தலையாட்டிக்கொண்டே ஃபைலைத் திறந்து எழுதினார். “நிறுவன உரிமையாளர் வெளியூரில். புகார் கொடுத்தவர் பணியில் இல்லை. சொன்னது நிறுவன ஊழியர். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

மாடிப்படியிலிருந்து இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, முன்மேசை பெயர் படிக்க முடியாத ஒரு கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் தானே போட்ட ஆளை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஆய்வாளர் தெருமுனை திரும்புவதற்குள் பின்னாலேயே ஓடினார்.

“சார், சார், முதலாளி மேலதான் இருக்காரு. புகார் குடுத்தது நான்தான்.”

ஆய்வாளர் நின்று ஃபைலைத் திறந்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி எழுத்து மூலமா ஒண்ணு சொன்னீங்க. இப்ப நடுரோட்டுல வாய் மூலமா ஒண்ணு சொல்றீங்க. நான் எதை நம்பறது?”

“இதை நம்புங்க சார்.”

“எழுத்தைத்தான் நான் நம்ப முடியும். வேணும்னா புதுசா ஒரு மனு குடுங்க. மூணு மாசத்துல வந்துடறேன்.” அவர் கோபப்படவில்லை. பரிதாபமாகத்தான் பார்த்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

திரும்பி வந்தபோது முதலாளி முன்மேசையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உச்சி குளிர்ந்துபோயிருந்தார்.

“யாரோ ஒரு நன்றி கெட்டவன் என் மேல புகார் குடுத்திருக்கான். நீ எனக்காக நின்ன பாரு, அதை நான் மறக்க மாட்டேன். இந்த மாசத்துலேருந்து உனக்குச் சம்பளத்துல ஆயிரத்து ஐநூறு ஏத்தியிருக்கேன்.”

இப்படியாக வராத சம்பளம் இன்னும் கொஞ்சம் கூடியது.

“சம்பளம் ஏத்தியிருக்காங்க” என்றார் இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம்.

“எங்கே?” என்று அவள் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பரண் மேலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கி, அதிகம் புழங்காத பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காகிதக் கடைக்காரர் வந்தார். “இருக்காரா?” என்று கேட்கவில்லை. எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உனக்கு எத்தனை மாசம் பாக்கி?”

முன்மேசை திகைத்துப் போனார். பதினோரு வருடத்தில் அந்த மேசைக்கு எதிரே நின்ற ஒருவர்கூட அவரை அப்படிக் கேட்டதில்லை. “நாலு மாசம் ஐயா. இந்த மாசம் முடிஞ்சா அஞ்சு” என்று ஆரம்பித்தார். பிறகு தடுக்க முடியவில்லை. வாடகை, ஆய்வாளர், அட்டைப் பெட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

காகிதக் கடைக்காரர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். “இந்த ஆள்கிட்ட உன்னால வாங்க முடியாது. என்னால முடியும். அன்னிக்கு வாங்கிட்டுப் போனேன் பாத்தேல்ல? உன் பாக்கியை என் பேருக்கு எழுதிக் குடுத்துடு. அதை வசூல் பண்றது என் பாடு. உனக்கு அஞ்சு மாசப் பணத்தையும் நான் என் கையிலேருந்து குடுத்துடறேன்.”

“எதுக்கு ஐயா எனக்காக...”

“உனக்காக இல்லப்பா. எனக்காக. எத்தனை வருஷமா இங்க வந்து போறேன். ஒரு தடவையாவது நான் கோபமா திரும்பிப் போனேனா? அதுக்கு உன் வாய்தான் காரணம். அந்த வாய் என் கடையில, முன்னாடி உக்காந்திருக்கணும். ஒண்ணாம் தேதி காலைல வேலைக்கு வந்துடு. சாயங்காலம் மொத்தப் பணமும் உன் கையில.”

முன்மேசை ஒருமுறை மாடியைப் பார்த்தார், ஒருமுறை தெருவைப் பார்த்தார். காகிதக் கடைக்காரரின் பையிலிருந்து தயாராக எழுதிய பத்திரம் ஒன்று வெளியே வந்தது. நல்ல கனமான தாள். கடைச் சரக்கு போலிருக்கிறது. கீழே முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றே வேலையை விட்டார். முதலாளியிடம் சொல்லப் போனபோது அவர் உண்மையிலேயே கண் கலங்கினார். “உன்னை மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைக்க மாட்டான்” என்றார். முதலாளி சொன்னதில் பொய் கலக்காத வாக்கியம் அது ஒன்றுதான் என்று முன்மேசைக்குத் தோன்றியது.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் இரண்டு முறை கேட்டாள்.

“நிஜமாவா? இது நீங்க வெளியில சொல்ற மாதிரி இல்லையே?”

“நிஜம்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பணத்தோட வீட்டுல இருப்பேன்.”

அவள் அட்டைப் பெட்டியில் அடுக்கிய பாத்திரங்களை மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தாள். நேராகக் கீழே போய் வீட்டு சொந்தக்காரர் கதவைத் தட்டினாள். “ஒண்ணாம் தேதி ஆறு மணிக்கு வாங்க. பணம் இருக்கும்” என்றாள். அவர் அப்படியே நம்பினார். சொன்னது அவள் அல்லவா.

ஒன்றாம் தேதி காலை, துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்மேசை காகிதக் கடைக்குப் போனார். தரையிலிருந்து கூரை வரை வெள்ளைக் கட்டுகள், புதுத் தாளின் வாசனை. முன்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு போன், தண்ணீர் பாட்டில். காகிதக் கடைக்காரர் சிரித்த முகத்துடன் வரவேற்று உட்கார வைத்தார்.

“வர்றவங்களை நல்லபடியா கவனிச்சு அனுப்பு. நான் பின்னாடி ரூம்ல கணக்குப் பாத்துட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கணக்குப் பார்க்கும்போது தொந்தரவு கூடாதுதான் என்று முன்மேசை நினைத்துக்கொண்டார்.

மனம் லேசாக இருந்தது. இந்த ஊரில் இனி யாருக்கும் முழங்கால் ஆபரேஷன் நடக்க வேண்டியதில்லை. மாலையில் போகும்போது மனைவிக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யோசித்துக்கொண்டே மேசையைத் துடைத்தார்.

பத்தேகால் மணிக்கு முதல் ஆள் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலர் நைந்த, ஆனால் சுத்தமான சட்டை. நல்ல சகுனம், முதல் வாடிக்கையாளர் என்று எழுந்து நின்றார் முன்மேசை.

“வாங்க சார், வாங்க. உக்காருங்க. என்ன வேணும்?”

வந்தவர் உட்காரவில்லை. மேசையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், முன்மேசையின் பின்னாலிருந்த நாற்காலியை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அது இடது பக்கம் கொஞ்சம் சாயும். பாத்து உக்காருங்க.”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“போன மாசம் வரைக்கும் நான்தான் அதுல உக்காந்திருந்தேன். பழைய கம்பெனி பாக்கின்னு எழுதிக் குடுத்தது, இங்க வேலை பாத்த ஏழு மாசச் சம்பளம், ரெண்டும் வரணும். ஐயா இருக்காரா?”